இணைப்புப் பத்திரம்

“‘லைன் சபை துரை சபையோடு இணைந்தது.’ இன்னாய்யா எழுத்து இது? நாங்க இன்னா, மூட்டைய தூக்கினு வந்து உங்க வாசல்ல நின்னமா?”

ரவிகுமார் அச்சுப்படியை மேசைமேல் போட்டார். அவர் லைன் சபையின் மூப்பர். லைன் வீடுகளில் இருந்த தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் சபை அது. துரை சபை, ஸ்காட்லாந்து எஞ்சினியர்கள் கட்டி வைத்துவிட்டுப் போனது. பிறகு ஆபீஸ் குமாஸ்தாக்களிடம் வந்தது. சுரங்கம் மூடிய 2001-இல் இரண்டும் ஒரே பிரெஸ்பிடேரியன் சபை ஆயின. இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை செயலாளர் எல்வின் தலையில் விழுந்தது. இணைப்பு நடந்தபோது அவன் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டிருந்தான்.

வாக்கியத்தைத் திருப்பிப் போட்டான். ‘துரை சபை லைன் சபையோடு இணைந்தது.’

மறுநாள் துரை சபை மூப்பர் ஷோபா டீச்சர் போனில் வந்தார்.

“கட்டடம் யாருது எல்வின்? அவங்க கோயில் செவுரு சுரங்க அதிர்ச்சியில பிளந்தப்போ எடம் குடுத்தது நாம. சுரங்கத்துல மொதல் சங்கு ஊதி மணி அடிச்சா நமக்கு ஆராதனை, ரெண்டாம் சங்குக்கு அவங்களுக்கு. வீட்டுக்காரன் போயி குடித்தனக்காரனோட இணைஞ்சானா? உன் பொண்டாட்டி எழுதச் சொன்னாளா?”

எல்வின் துரை சபைக்காரன். அவன் மனைவி லதா லைன் சபைப் பெண்.

‘இரண்டு சபைகளும் இணைந்தன’ என்று மாற்றினான். இப்போது இரண்டு மூப்பர்களும் சேர்ந்தே வந்தார்கள். கால் நூற்றாண்டில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம்.

“யாரு கேட்டு யாரு ஒத்துக்கினது? பத்திரத்துல இருக்குமே. எட்த்துக் காட்டு,” என்றார் ரவிகுமார்.

பத்திரம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர் யாருமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பேசி முடித்த பெரியவர்கள் கல்லறையில் இருந்தார்கள்.

“பீரோவுல கீது,” என்றான் எல்வின். வாயை அடைக்கச் சொன்ன பொய்.

பீரோவுக்கு இரண்டு பூட்டு. சபைக்கு ஒரு சாவி, அந்தந்த மூப்பரிடம். இருவரும் திறந்தார்கள்.

“கொஞ்சம் கால தூக்குங்க,” என்று எரிக் அவர்களைச் சுற்றிப் பெருக்கினார். நாற்பது வருஷமாகக் கோயிலைப் பெருக்குவதும் மணி அடிப்பதும் அவர்தான்.

உள்ளே ஒரு திருவிருந்துக் கிண்ணம் இருந்தது. ஒரு செத்த பல்லி இருந்தது.

“பல்லி கீது, பத்திரம் இல்ல,” என்றார் ரவிகுமார். “யாரோ எட்த்துட்டாங்க.”

“எடுத்தவங்களுக்குத்தான் தெரியும்,” என்றார் ஷோபா, அவரைப் பார்த்தபடியே.

“ரெண்டு சாவியும் இல்லாம எப்பிடி எடுக்க முடியும்?” என்றான் எல்வின்.

கேட்டிருக்கக் கூடாது. இருவரும் அவன் பக்கம் திரும்பினார்கள். துரை சபை மகன், லைன் சபை மருமகன். இரண்டு சாவியும் எட்டும் ஒரே ஆள்.

“கோலார் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவாயிருக்கும்!” என்றான் அவசரமாக.

ரவிகுமார் மறுநாளே கோலாருக்குப் பஸ் ஏறினார். அவர் எதையாவது மாற்றிவிடுவார் என்று ஷோபா டீச்சரும் அதே பஸ்ஸில் ஏறினார். அப்படி எதுவும் பதிவாகவில்லை. திரும்பும்போது இருவரும் ஒரு முடிவோடு வந்தார்கள். பத்திரம் இல்லையென்றால் இணைப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரிந்துவிடுவது.

“நெஜத்த சொல்லுங்க,” என்றாள் லதா. “எங்க ஒளிச்சி வச்சீங்க?”

“சத்தியமா என்கிட்ட இல்ல.”

“தெரியும். உங்க அம்மா பொட்டியிலகூட தேடிட்டேன்.”

“எங்க அம்மா பொட்டியிலயா?”

“எங்க அப்பா பொட்டியிலயுந்தான். பிரிஞ்சா நான் எங்க போயி ஜெபம் பண்றது? பிளந்த செவுத்துக்குள்ளயா? நீங்க இங்க, நான் அங்க. பசங்கள எங்க குந்த வப்பீங்க?”

ஞாயிற்றுக்கிழமை எரிக் மணி அடித்தார். சபை வந்து, நடுவில் வழி விட்டு, இரண்டு பக்கமாக உட்கார்ந்தது. எப்போதும் அப்படித்தான்.

“கடேசியா கேக்கறோம் எல்வின். பத்திரம் எங்க?” என்றார் ரவிகுமார்.

எல்வின் எழுந்தான். “நான் பாத்ததே இல்ல. பீரோவுல கீதுன்னு சொன்னது பொய். அன்னிக்கி இன்னா நடந்துச்சின்னு தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.”

எல்லோரும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார்கள்.

“பிரியறதுக்கு சம்மதம்னா கை தூக்குங்க,” என்றார் ஷோபா டீச்சர்.

இரண்டு பக்கமும் கைகள் எழுந்தன. லதாவின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

மணிக்கயிற்றின் பக்கத்திலிருந்து எரிக் செருமினார்.

“அப்ப வர்ற வாரத்திலேர்ந்து மறுபடி ரெண்டு தரம் மணி அடிக்கணுமா டீச்சர்? சுரங்கம் மூடி சங்கு நின்னுபோன வாரம், எப்ப அடிக்கறதுன்னு தெரியாம ஒரே தரம் அடிச்சேன். ரெண்டு சபையும் வந்து குந்திக்கினீங்க, ஒருத்தரும் எழுந்து போவல.”