இலக்கணப் புலியார் கடைசி வரியை வென்ற வரலாறு

வாழ்க இலக்கணப் புலியார்! கோப்புக்கட்டுகளின் கோமான், காற்புள்ளிகளின் காவலன், சக ஊழியரின் விடுப்பு விண்ணப்பங்களில் சிவப்பு மை பாய்ச்சிப் பகை வளர்த்த பெருந்தகை, ஓர் ஆங்கிலக் கடிதத்துள் தனியொருவராய்ப் புகுந்து பொருத திறத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மனைவியும் ஆறு வயது மகளும் வாழும் ஊரிலுள்ள கிளையில் ஒரே ஓர் இடம் காலியாயிற்று. இரண்டாண்டாய் ஞாயிறு மட்டுமே மகள் முகம் கண்ட தகப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்த சேதி அது. முதலில் பதிவேட்டில் ஏறும் விண்ணப்பத்துக்கே இடம் என்பது அவ்வலுவலகத்தின் மாறாச் சட்டம். காலை ஒன்பதரைக்கெல்லாம் இடமாற்ற விண்ணப்பத்தின் பதினோரு வரிகள் அணிவகுத்து நின்றன. பன்னிரண்டாம் வரியில்தான், ஐயகோ, வந்தது வினை! ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்று முழங்கிப் பாய்ந்த பேனா, அடுத்து ‘ஜாயின்’ என்பதா, ‘ஜாயினிங்’ என்பதா என்று தெரியாமல் முட்டுச்சந்தில் புகுந்த மாடுபோல் நின்றுவிட்டது.

‘டு’வுக்குப் பின் வெறும் வினைதான் என்று பள்ளிப் படிப்பு ஒருபுறம் அறைகூவ, ‘இங்’ என்னும் வால் இன்றி இவ்வாசல் தாண்டலாகாது என்று எங்கோ படித்த நினைவு மறுபுறம் மறிக்க, வேர்வை ஆறாய்ப் பெருக, கிழித்தெறிந்த தாள்கள் குப்பைக்கூடையைக் குன்றாக்க, மகளையும் மறந்து மல்லுக்கு நின்றார் புலியார். அதே இடத்தின்மேல் கண்வைத்திருந்த ஸ்டோர் பிரிவுக்காரர் ஒற்றைத் தாளோடு மாடியிலுள்ள பதிவேட்டை நோக்கிப் படியேறியதையும் அவர் கண்டாரில்லை.

பக்கத்து மேசைத் தட்டச்சு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “அந்த வரிய வெட்டிட்டுக் குடுங்க சார். அத யாரு படிக்கப் போறா?”

“அக்கா! தலையே போனாலும் தப்போட ஒரு கடுதாசி என் கைய விட்டுப் போகாது!” என்று அவை அதிர முழங்கினார் வீரர்.

பதினொன்றே காலுக்கு, அட்டை கழன்ற இலக்கண நூலின் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் பகைவன் பிடிபட்டான். ‘ஜாயினிங்’! முரசில்லாக் குறைக்கு மேசையை ஓங்கி அறைந்து, மாசற்ற கடிதத்தை மார்போடு அணைத்து, படிகளை இரண்டிரண்டாய்த் தாவிச் சென்று பதிவேட்டு அம்மையார் முன் வைத்தார் வெற்றித் திருமகன். அம்மையார் ஒரு வரியும் படிக்கவில்லை. வழக்கப்படி தாளின் அடியில் வட்ட முத்திரையை ஓங்கிக் குத்த, ‘ஜாயினிங்’ ஊதா மையில் மூழ்கி மறைந்தது.

இவருக்கு வரிசை எண் இரண்டு.