ஐயோ அக்கா பிடித்துவைத்த நாற்காலி

இந்தத் தீவில் வலியை வெளியே காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடமாடும் அத்தனை மரியாதைக்காரர்களுக்கும் சேர்த்து, ஒற்றை ஆளாகக் கூச்சல் போட்டவர் ஐயோ அக்காதான். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். உட்கார்ந்தால் ஐயோ, எழுந்தால் ஐயோ, லிஃப்ட் வந்தால் ஐயோ, வராவிட்டால் அதைவிட நீளமான ஐயோ. தேக்கா சந்தையில் அவர் ஒரு முனையில் புடலங்காய் பொறுக்கக் குனிந்தால் மறுமுனையில் மீன் வாங்குகிறவருக்குச் செய்தி போய்விடும்.

சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் பல வருஷம் நின்றே வேலை பார்த்தவர். முதலில் இடுப்பில் தொடங்கிய வலி தோளுக்கு ஏறி, பிறகு உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல்.

"ரிப்போர்ட்டப் படிச்சா எனக்கே என் மேல சந்தேகம் வருது தம்பி" என்பார். "அதான் சத்தமா சொல்லிடறது. வலிய உள்ளேயே பூட்டி வச்சா அது பக்கத்து ரூமுக்குக் குடி போயிடும். இல்லன்னா இடுப்புல இருந்தது தோளுக்கு எப்படிப் போச்சுங்கிறீங்க?"

பார்ப்பதற்கு அவர் நோயாளி மாதிரியே இருக்கமாட்டார். தலையில் பூ, உதட்டில் சிவப்பு, கை நிறைய வளையல். எம்ஆர்டி ரயிலில் யார் எழுந்து இடம் கொடுப்பார்கள்? ஒருமுறை நானும் அவரும் ஏறினோம். கைப்பேசியில் மூழ்கியிருந்த கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து ஒரு ஐயோ விட்டார். சீன மாது ஒருவர், மலாய் மாணவன் ஒருவன், தமிழ்ப் பெரியவர் ஒருவர் என மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அந்தச் சீன மாதுக்கு முழங்கால் வலி போலிருக்கிறது, எழும்போது அவரும் "ஐயோ" என்றார். அக்கா அவரைப் பிடித்து மறுபடி உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். இறங்கும் வரை இருவரும் எந்த மொழியில் பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தைல டப்பா ஒன்று கைமாறியது.

எனக்கு அவர் பழக்கமானது என் வலது காலால். இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு நரம்பு எனக்கு எதிராகக் கட்சி கட்டிக்கொண்டு வருஷங்கள் ஆகின்றன. இந்தப் பத்தியையே சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டுதான் அடிக்கிறேன். நான் போய்வந்த ஆஸ்பத்திரியில் ஒருநாள், நாள்பட்ட வலி பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்குகிறோம், என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்ல வலிக்காரர்களே எங்களோடு உட்கார வேண்டும் என்றார்கள். மதிய உணவு உண்டு என்றும் சொன்னார்கள். போனேன்.

தேக்கா பக்கத்தில் ஒரு சமூக மன்றத்தின் மூன்றாம் மாடி அறை. ஏர்கான் மீனை வைத்தால் ஒரு வாரம் கெடாத அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுக்கிவைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதுகு வலிக்காரர்களைக் கூப்பிட்டு மூன்று மணி நேரம் அதில் உட்காரவைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். ஆராய்ச்சியை நடத்துகிறவர் டாக்டர் நிர்மலா, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், நல்ல மனசு. ஏற்பாடுகளைக் கவனித்தவர் ஃபைசல் என்ற இளைஞர். அவர் பேனாக்களைக்கூட வரிசையாக அடுக்கிவைப்பார்.

கூட்டம் ஆங்கிலத்தில்தான். என்னைப் போலவே அங்கே வந்திருந்த ஐயோ அக்கா தமிழில் ஏறி, ஆங்கிலத்தில் கொஞ்ச தூரம் போய், மலாயில் இறங்குவார். எல்லோருக்கும் எப்படியோ புரிந்துவிடும். அன்று டாக்டர் நிர்மலா பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அக்கா தன் சால்வையைத் தரையில் விரித்து, ஒரு ஐயோவோடு மல்லாந்து படுத்துவிட்டார்.

"நீங்க பேசுங்க டாக்டர். படுத்தா காது மூடிக்காது."

டாக்டர் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார். பிறகு தானும் இறங்கித் தரையில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அரைமணி நேரத்தில் என் கால் பொறுக்கவில்லை, நானும் படுத்தேன். இன்னும் இரண்டு பேர் வெட்கத்தை விட்டுப் படுத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்த காவலாளி, தரையில் வரிசையாகக் கிடந்த எங்களைப் பார்த்ததும் வாக்கிடாக்கியை எடுத்துவிட்டார்.

ஃபைசல் ஓடிப்போய்க் கையை ஆட்டினார். "மீட்டிங் லா அங்கிள், மீட்டிங்! எல்லாரும் ஓகே!"

"யாரும் ஓகே இல்ல, அதுக்குத்தான மீட்டிங்" என்றது தரையிலிருந்து ஒரு குரல். அடுத்த கூட்டத்துக்குப் பாய்களும் தலையணைகளும் வந்துவிட்டன.

அக்காவைப் பெரிய அறிவாளி என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் தன் சித்தி காய்ச்சும் எண்ணெயைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருவார். ஒவ்வொரு கூட்டத்திலும் அது தோற்கும். கறி பஃப் வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வலி எவ்வளவு என்று காட்டச் சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரை படம் போட்ட அட்டையை டாக்டர் நீட்டியபோது, அக்கா அதைக் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார்.

"இது வலி இல்ல டாக்டர், தங்கம் விலை ஏறுனத கேட்ட மூஞ்சி. இது... என் நாத்தனார் சும்மா இருக்கறப்பவே இப்படித்தான் இருப்பா. எந்த மூஞ்சின்னு கேக்காதீங்க. இன்னிக்கு என்ன செய்ய முடியலன்னு கேளுங்க. நான் சொல்வேன், தலை பின்ன முடியலன்னு."

டாக்டர் சிரித்தாலும் அதைக் குறித்துக்கொண்டார்.

எங்கள் குழுவில் செல்வராஜ் என்று ஒருவர், பூன் லேயில் இருப்பவர். முன்பு லாரி ஓட்டியவர், நாற்பதைத் தாண்டியிருப்பார். முகத்து நரம்பில் வலி. காற்று பட்டால் கன்னத்தில் கரண்ட் அடிக்கும். மென்றால் அடிக்கும், சவரம் செய்தால் அடிக்கும், எல்லாவற்றையும்விட வாயைத் திறந்து பேசினால் அடிக்கும். முதல் கூட்டத்தில் கைக்குட்டையால் கன்னத்தை மூடிக்கொண்டு மூலையில் இருந்தார். கருத்துச் சொல்லுங்கள் என்றதும் தலையை மட்டும் ஆட்டினார். பேசினால் வலிக்கிறவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லிக்கொண்டிருந்தோம், அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாம் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. ட்ரெயின் ஏர்கானைத் தாண்டி வர முடியவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. தொடர்ந்து இரண்டு கூட்டம் வராவிட்டால் வேறு ஆளைப் போடலாம் என்பது விதி. செல்வராஜை எடுக்கப்போவதாக ஃபைசல் வருத்தத்தோடுதான் எங்களுக்குச் செய்தி அனுப்பினார். அன்று சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தார். ஐயோ சொல்லாமல் அவர் பேச ஆரம்பித்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, செல்வா சம்சாரம்கிட்ட பேசுனேன். மனுஷன் வேலைய விட்டதுலேர்ந்து சுவத்தப் பாத்தே படுத்திருக்காராம். சொந்தக்காரங்களே நடிப்புங்கிறாங்களாம். இந்த மீட்டிங் மெசேஜ் வந்தா மட்டுந்தான் எழுந்து சட்டைய அயர்ன் பண்றாராம். கடைசி நிமிஷத்துல வலி வந்து திரும்பப் படுத்துடறாரு. இதுலேர்ந்தும் எடுத்துட்டோம்னா அந்த ஆளு அப்புறம் எந்திரிக்கவே மாட்டாரு."

"விதி இருக்கேக்கா" என்றேன்.

"இருக்கட்டும். நானும் இருக்கேன்ல" என்று வைத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் செல்வராஜின் இடத்துக்கு வந்தவர் ஒரு யோகா அங்கிள். அவருடைய முதுகு வலி கட்டுப்பாடான வாழ்க்கையால் எப்போதோ போய்விட்டதாம். வலியில்லாதவருக்கு வலிக்காரர் குழுவில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவரால் எல்லாக் கூட்டத்துக்கும் வர முடியும், அதுதான் தகுதி. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒருவரும் ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று பார்க்க அன்று வந்திருந்தார். அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் காலி. அதன் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர் உணவங்காடியில் ஒரு நாற்காலியின் மேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அது ஆள் உட்கார்ந்த நாற்காலி. சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனாலும் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பசியில் தவிப்பவர்கூட அந்தப் பாக்கெட்டைத் தொடமாட்டார்.

யோகா அங்கிள் நாற்காலி வரை வந்தார், பாக்கெட்டைப் பார்த்தார், சுவரோரமாகப் போய் நின்றார். பெரிய டாக்டரும் வந்தார், பார்த்தார், அவர் பக்கத்தில் போய் நின்றார். கூட்டம் தொடங்கிவிட்டது, இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"அங்க யாரு இருக்காங்க?" என்று பெரிய டாக்டர் கடைசியில் ஆங்கிலத்தில் கேட்டார்.

"செல்வராஜ் இருக்காரு டாக்டர்" என்றார் அக்கா.

"எங்கே?"

"பூன் லேல. படுத்திருக்காரு."

ஃபைசல் தர்மசங்கடமாக நெளிந்தார். "ஆன்ட்டி, அவரு ரெண்டு தடவ வரல. ரூல் இஸ் ரூல் லா."

அக்கா பாயிலிருந்து எழுந்தார். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது, சத்தமும் கூடவே வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"தம்பி ஃபைசல், வலி கொஞ்சம் கம்மியா இருக்கறவங்க இங்க வருவோம். ஜாஸ்தியா இருக்கறவங்க வரமாட்டாங்க. வந்தவங்கள மட்டும் கேட்டு எழுதுனா உங்க ஆராய்ச்சியில எல்லாருக்கும் வலி கம்மியாத்தான இருக்கும்? ஆராய்ச்சிக்கு வர்ற பேஷண்ட்டும் ஒரு மாசம் வரலன்னா எடுத்துடுவீங்களாமே. வராதவங்க ஒண்ணும் காணாமப் போயிடல. படுத்திருக்காங்க. அவங்களுக்குத்தான் இந்த ஆராய்ச்சியே."

டாக்டர் நிர்மலா பேனாவை மேசையில் வைத்தார். "இதப் புத்தகத்துல படிச்சிருக்கேன்க்கா. வராதவங்களோட கணக்கு விட்டுப்போயிடும்னு. ஆனா நம்மளே இந்த ரூம்ல அதத்தான் செஞ்சிட்டிருக்கோம்னு தோணல" என்றார்.

பெரிய டாக்டர் சுவரோரத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். "சரி. அவரை நாம் எப்படிக் கேட்பது?" என்றார். அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

போனில் பேசினாலும் செல்வராஜுக்கு வலிக்கும். ஆனால் எழுத்து அடிக்கலாம். அவருக்கு அழைப்புப் போட்டு, எங்கள் குரல் கேட்கும்படி அக்காவின் கைப்பேசியை அந்த நாற்காலியில் நிற்கவைத்தார் ஃபைசல். சரியான கோணத்தில், பாக்கெட்டில் சாய்த்து. யோகா அங்கிளுக்கு வெளியிலிருந்து வேறு நாற்காலி வந்தது. பிறகு டிங் என்றது.

"இருக்கேன்" என்று வந்திருந்தது.

செய்திகளை உரக்கப் படிக்கும் பொறுப்பை அக்காவிடம் யாரும் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார். "'நான் இருக்கேன், இந்த ரூலப் போட்டவங்க ஒரு நாளைக்கு என் மூஞ்சிய மாட்டிக்கிட்டு ட்ரெயின்ல வந்து பாக்கட்டும்'ங்கிறாரு."

டிங். நான் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். "அக்கா, நான் அப்படிச் சொல்லல" என்று செல்வராஜ் அடித்திருந்தார்.

"'அக்கா சொன்னது நூத்துக்கு நூறு'ங்கிறாரு" என்று படித்தார் அக்கா.

இப்படியே பல கூட்டங்கள் நடந்தன. செல்வராஜ் ஒரு வரி அனுப்புவார், அது அக்காவின் வாய் வழியே ஒரு பத்தியாக வெளியே வரும். நடுநடுவே "நான் அப்படிச் சொல்லல" என்று டிங் கேட்கும். ஆனாலும் காரியம் நடந்தது. இரண்டு கூட்ட விதியை எடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் படுத்த இடத்திலிருந்தே கைப்பேசியில் ஒரு விரலால் பதில் சொல்லலாம் என்று ஆக்கினார்கள். வராத நாளை வெறுமையாக விடாமல், ஏன் வர முடியவில்லை என்று கேட்டார்கள். அந்த ஒரு விரல் யோசனை செல்வராஜுடையது. அக்கா அதைத் தன் யோசனை என்று ஊரெல்லாம் சொன்னார்.

போன மாதம், புது மருந்து ஓரளவு ஒத்துக்கொண்டதில், செல்வராஜே நேரில் வந்தார். கழுத்திலிருந்து கன்னம் வரை துணி சுற்றியிருந்தது. ஃபைசல் ஏர்கானை நிறுத்தியிருந்தார், நாங்கள் எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டு சந்தோஷமாக இருந்தோம். அடுத்த கட்ட ஆராய்ச்சியில் என்ன கேட்கலாம் என்று டாக்டர் நிர்மலா கேட்டார். அக்கா வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செல்வா என்ன நினைக்கிறாருன்னா டாக்டர்..."

செல்வராஜ் கையைத் தூக்கினார். இன்னொரு கை கன்னத்தில் இருந்தது.

"அக்கா" என்றார். "கொஞ்சம் இருங்க. நான் சொல்றேன்."

அவர் பாதி வாயால், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "வலி வர்றப்ப எப்படி இருக்குன்னு எல்லாரும் கேக்கறீங்க. வலி இல்லாதப்ப எப்படின்னு யாரும் கேக்கல. அப்பத்தான் பயம். எப்ப வரும்னு. எம் பொண்ணு முத்தம் குடுக்க வந்தா... மூஞ்சியத் திருப்பிக்கறேன். அதையும் கேளுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். செல்வராஜுக்கு இடையில் ஒருமுறை வலி வெட்டியது. கண்ணை மூடிக் காத்திருந்துவிட்டு மறுபடி தொடர்ந்தார். நான் ஐயோ அக்காவைப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை. கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக் கையை எடுத்தால் எங்கே பேசிவிடுவோமோ என்ற பயத்தில் அதை அப்படியே வழியவிட்டார்.

அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னால் பதிலுக்கு ஒரு மணி நேரம் பேசுவார், என் கால் அவ்வளவு நேரம் தாங்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.