மண்டபம் கிடைத்துவிட்டது, மருமகனே!

கீரமங்கலம், திங்கள் மாலை

அன்பு மருமகன் ஹாமித்துக்கு, மாமா ஜெகபர் சாதிக்கின் அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மாமியும் மணப்பெண் ஜெய்னபும் நலம். தோஹாவில் நீயும் நலமாயிருக்க துஆச் செய்கிறோம். வேலை நேரத்தில் போன் எடுக்க மாட்டாய், அதனால் இந்த மெயில். மாப்பிள்ளை ஆகப்போகிறவனை ‘நீங்கள்’ என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

மண்டபம் கிடைத்துவிட்டது! உன் பத்து நாள் லீவில் இருப்பது ஒரே ஞாயிறு, ஊரில் இருப்பது ஒரே ஜமாஅத் மண்டபம். என்னோடு ஜமாஅத் நிர்வாகத்தில் இருக்கும் ஜவுளிக்கடை அஜ்மலும் தன் மகள் ஷிஃபா நிக்காஹுக்கு அதே ஞாயிற்றைக் கண் வைத்திருக்கிறார் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன லீவில் நீ ஜமாஅத் ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, நிர்வாகிகள் எல்லோருக்கும் தனித்தனிக் கணக்கு கொடுத்தாயே, மண்டபப் பதிவும் இப்போது அதில்தான். இன்று முதல் ஆளாக என் கணக்கில் நுழைந்தேன். அஜ்மல் முந்திக்கொண்டாரா என்று பார்க்க வேண்டாமா? அவரவர் பதிவு அவரவர் கணக்கில்தானே தெரியும். ஆள் மாறுவதற்கு நீ சொல்லிக்கொடுத்த su கட்டளையைப் போட்டு அவர் கணக்குக்கு மாறினேன். பாஸ்வேர்டுக்கு என்ன பஞ்சம், மறந்துவிடக் கூடாதென்று எல்லோருடையதையும் ஆபீஸ் காலண்டரில்தானே எழுதி வைத்திருக்கிறோம். அவர் ஒன்றும் பதியவில்லை! அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், “லுஹருக்கு நேரமாச்சு, வாரீங்களா?” என்று கூப்பிட, தொழப் போய்விட்டேன். திரும்பி வந்ததும், நான் யார் கணக்கில் இருக்கிறேன் என்று சந்தேகம். மாமாவை லேசாக நினைக்காதே, logname என்று கேட்டேன். sadiq என்றது. படபடவென்று தேதியைத் தட்டினேன், பெயரைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொண்டது. பதிந்ததை மாற்றக் கூடாது என்பது ஜமாஅத் தீர்மானம். “இந்த வயசுல ஒங்களுக்கு இவ்வளவு மூளையா!” என்று உன் மாமி வாயைப் பிளந்துவிட்டாள். உடனே டிக்கெட் போடு.

உன் அம்மாவிடம் நானே போய்ச் சொல்கிறேன். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்வானாக.

மாமா,
ஜெகபர் சாதிக்

பின்குறிப்பு: டிக்கெட் போடாதே. இதை அனுப்பப் போகும் நேரம் அஜ்மல் ஓடி வந்தார். “அண்ணே, மண்டபம் என் பேருல பதிவாயிருக்குன்னு மெசேஜ் வருதுண்ணே! நான் அங்கிட்டு போகவே இல்லையே!” ஆபீஸுக்கு ஓடி, அவர் பின்னால் வந்து சேர்வதற்குள் whoami கேட்டேன். ajmal என்றது. logname முதலில் நுழைந்த ஆளைத்தான் சொல்லும், இப்போது யாராக இருக்கிறோம் என்று whoami-தான் சொல்லும் என்று நீ போன லீவிலேயே தலைதலையாய் அடித்துக்கொண்டாய். உண்மையைச் சொன்னால் அவர் கணக்கில் எட்டிப் பார்த்ததும் வெளியே வரும். அதற்குள் மோதினார், “நம்ம சாதிக் அண்ணந்தான் உக்காந்து தட்டுனாரு” என்று போட்டுக் கொடுத்துவிட்டார். அஜ்மல் என்னைக் கட்டிப்பிடித்து, “எம் மகளுக்காக ஒங்க தேதிய விட்டுக்குடுத்தீங்களேண்ணே!” என்று அழுதுவிட்டார். நானும் அழுதேன், காரணம்தான் வேறு. ஜெய்னபிடம் இன்னும் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது. அப்படியும் நீ வருவதென்றால் ஷிஃபா கல்யாணத்துக்கு வா. வாசலில் நின்று வரவேற்கப் போவது நான்தானாம்.