ஏழடி அகல மாடு

பொய் சொல்வதற்கும் ஒரு வரவு செலவுத் திட்டம் வேண்டும். நான் கார் விடும் கராஜுக்குப் போட்டேன்; பொய்க்குப் போடாமல் விட்டுவிட்டேன். அதனால் வந்த வினைதான் இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு அலுவலகத்தில், விலைமனுக்களை ஒப்பிடும் பிரிவில் வேலை. கதிரை வாங்குவதென்றாலும் கூரை போடுவதென்றாலும் மூன்று பேரிடம் விலை கேட்டு, கட்டம் போட்டு, யார் நியாயமாகக் கேட்கிறார், யார் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று கண்டுபிடித்து மேலே அனுப்புவது என் கடமை. பதினேழு வருடம் இதைச் செய்தவனை உலகத்தில் ஒருவரும் ஏமாற்ற முடியாது என்று நம்பியிருந்தேன். (ஒருவரும் ஏமாற்றவில்லை என்பதும் உண்மை. அந்த வேலையையும் நானே பார்த்துக்கொண்டேன்.)

வீடு உரும்பிராயில். மனைவி யசோ கீரிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவள் தன் சம்பளத்தில் வாங்கிய சின்னக் கார் முற்றத்து மாமரத்தின் கீழ் நின்றது. பகலெல்லாம் அதற்குக் கடல்காற்று. வீட்டுக்கு வந்தால் காகமும் மாம்பிஞ்சும். போன மாரியில் பின்கண்ணாடி ரப்பர் விட்டுப்போய், பின் சீற்றில் இருந்த நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளும் மழையில் ஊறிப் போயின. நாற்பது பிள்ளைகளிடமும் ரீச்சர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், மூன்று வருடமாகக் கட்டிய சீட்டுக் காசைப் பற்றிக் கதைத்தாள்.

"ஆறு லட்சம் இருக்கு. அதுக்கு மேலை ஒரு சதமும் இல்லை. வாற மாரிக்கு முதல் என்ரை கார் கூரைக்குக் கீழை நிக்கவேணும். விலை பாக்கிறதிலை நீங்கள்தானே பெரிய ஆள், செய்து காட்டுங்கோ."

"நீர் பேசாமல் இரும். ஆறுக்குள்ளை முடிச்சு மிச்சமும் தாறன்," என்றேன்.

கட்டட வேலை எடுத்துச் செய்பவர்களில் முதலில் வந்த கொந்தராத்துக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நிலத்தைப் பார்க்கவே இல்லை. காரைப் பார்த்தார், கேற்றைப் பார்த்தார், விறாந்தைச் சுவரில் தொங்கிய மச்சானின் கலியாணப் படத்தைப் பார்த்தார்.

"வெளியிலை ஆர் இருக்கினம்?"

"மனிசியின்ரை தமையன். கனடாவிலை."

"ம்," என்றார். மறுநாள் மினுங்கும் தாளில் விலை வந்தது: பதினான்கு லட்சம். கூடவே ஒரு கலர்ப் படம். அதில் எங்களுடையது அல்லாத ஒரு பெரிய காரும், எங்களிடம் இல்லாத புல்வெளியும் இருந்தன. "இதர செலவு" என்று ஒரு வரி. அதற்கு மட்டும் இரண்டு லட்சம். அலுவலகத்தில் இப்படி ஒன்று வந்தால் சிவப்புப் பேனையால் சுற்றிவிடுவேன். வீட்டிலும் சுற்றினேன்.

இரண்டாவது ஆள் வந்த உடனேயே, "கனடாவோ, லண்டனோ?" என்று கேட்டார். மச்சான் இதுவரை அனுப்பியது ஒரேயொரு பனிச்சட்டைதான், அதையும் இந்த வெக்கைக்குள் போட முடியாது என்று விளக்கினேன். "எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை," என்று சிரித்துவிட்டு, சீமெந்துக் கடைப் பில்லின் பின்பக்கத்தில் பதினொன்றே முக்கால் என்று எழுதித் தந்தார்.

அன்று இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டம் போட்டேன். கல்லுக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று நானே கடைகளில் விசாரித்து மூன்றாவது நிரல் ஒன்றும் போட்டேன். எப்படிக் கூட்டினாலும் அது அவர்களுடைய விலைக்குக் கிட்டவும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. அவர்கள் விலை சொன்னது கராஜுக்கு இல்லை, காருக்கும் கனடாவுக்கும். இரண்டையும் ஒளித்துவிட்டால் விலை தானாக இறங்கும்.

ஒளித்தேன். மச்சானின் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். காரை அடுத்த ஒழுங்கையில் ஒரு சிநேகிதன் வளவுக்குள் விடும்படி யசோவிடம் சொன்னேன். கிழிந்த சாரம் ஒன்றைத் தேடி உடுத்தேன்.

"பொய் சொல்லிக் கட்டுற வீட்டிலை நான் காரை விடுறதோ?" என்றாள் யசோ.

"வீடில்லை, கராஜ். அதோடை பொய்யுமில்லை, இது உத்தி," என்றேன். அவள் காரை மட்டும் கொண்டுபோய் விட்டாள்.

மூன்றாவதாக வந்தவர் சுன்னாகத்தைச் சேர்ந்த தவம். மேசன் வேலையும் தெரியும், ஆட்களை வைத்துச் சின்னச் சின்னக் கொந்தராத்தும் எடுப்பார். என்னிலும் பத்து வயது குறைவு. வந்தவர் நிலத்தைப் பார்த்தார், குந்தியிருந்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்த இடத்திலேயே நான் திருந்தியிருக்கலாம்.

"என்னத்துக்கு அண்ணை, பத்தடிக்குப் பதினெட்டடி?"

"மாட்டுக் கொட்டில்," என்றேன். "இரண்டு மாடு வாங்கப் போறன். சம்பளம் காணாது, பிள்ளையின்ரை படிப்பும் இருக்கு."

தவத்தின் முகம் மாறியது. தன்னிடமும் மாடு நிற்பதாகச் சொன்னார். இந்தக் காலத்தில் மாடு வளர்க்க யார் நினைக்கிறார்கள் என்று சொல்லி என் கையைப் பிடித்தார். அடுத்த நாள் கொப்பித் தாளில் விலை வந்தது. கல், சீமெந்து, மண், தகரம், கூலி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, சுத்தமான கையெழுத்தில். மொத்தம் ஐந்து லட்சத்து எண்பதாயிரம். கடைசியில் ஒரு வரி: "மாட்டுக்கு என்றபடியால் எனக்கு லாபம் போடவில்லை."

அந்த வரியைப் படித்து நான் துள்ளினேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது. அன்றைக்கு என் கட்டத்தில் அதற்கு நேரே பச்சைப் பேனையால் ஒரு பெரிய சரி போட்டேன்.

அதோடு நின்றேனா? வாய்ப்பேச்சை நம்புவதில்லை என்பது என் தொழில் தர்மம். ஒப்பந்தம் எழுதினேன். "இரண்டு மாடுகளுக்கு ஏற்ற சகல வசதிகளுடனும் கூடிய கொட்டில் ஒன்றை அமைத்துக் கொடுத்தல்" என்று என் கையாலேயே எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்து வைத்தோம். தவம் தன் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

நான் காலையில் போய் மாலையில் வருபவன். மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது நிலம் சரிந்திருந்தது.

"தவம், நிலம் சரிவாய்க் கிடக்கு."

"ஓம் அண்ணை, சரியத்தானே வேணும். இல்லாட்டி மூத்திரம் தேங்கிக் குளம்பு அழுகிப்போம்."

நான் என்ன சொல்வது? டயர் அழுகாது என்றா? தலையாட்டினேன். ஐந்தாம் நாள் நிலத்தின் குறுக்கே, ஓர் அடி அகலத்தில், வடிவான ஒரு வாய்க்கால் ஓடியது. ஏழாம் நாள் பின்சுவரை ஒட்டிச் சீமெந்தில் ஒரு தீனித் தொட்டி எழும்பியிருந்தது. இது வேண்டாமே தம்பி, என் மாடுகள் நிலத்தில் போட்டாலே தின்னும் என்று சொல்லிப் பார்த்தேன். தவம் சட்டைப் பையில் இருந்து ஒப்பந்தத்தை எடுத்து விரித்தார். "'சகல வசதிகளுடனும்' எண்டு நீங்களே எழுதினனியள். காசு வாங்கிக்கொண்டு குறை வேலை செய்ய எனக்கு ஏலாது அண்ணை."

அன்று யசோ தொட்டிக்குப் பக்கத்தில் கனநேரம் நின்றாள். "இதுக்குள்ளை பெற்றோலோ ஊத்தப் போறியள்?" என்றாள்.

ஆனாலும் நான் பின்வாங்கவில்லை. எல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். தவம் வேலையை முடித்துப் போன பிறகு, மிச்சமிருக்கும் இருபதாயிரத்தில் வேறொருவரைப் பிடித்துத் தொட்டியை உடைத்து, வாய்க்காலை மூடிவிடலாம். ஒன்றே ஒன்றைத்தான் இப்போதே சரிக்கட்ட வேண்டும்: வாசல். சனிக்கிழமை பார்க்கிறேன், தவம் நாலடிக்கு அளந்து கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாலடி காணாது தவம். எட்டடி வையுங்கோ."

"எட்டடியோ? மாடு எவ்வளவு அகலம் அண்ணை?"

என் வாய் என்னைக் கேட்காமல் வேலை செய்தது. "ஏழடி."

தவம் சாந்தகப்பையைக் கீழே வைத்தார். "நீளமில்லை அண்ணை. அகலம் கேட்டனான்."

"அகலம்தான். சீமைச் சாதி. அதோடை இரண்டும் பக்கத்திலை பக்கத்திலைதான் நடக்கும். பிரிச்சால் கத்தும்."

அடுக்கிய கல்லை ஒருமுறை பார்த்தார். என் குட்டு உடைந்தது என்று நினைத்தேன்.

"பாவங்கள்," என்றார். "அதுகளுக்கும் பாசம் இருக்கும்தானே. அகட்டி விடுறன்." அகட்டுவதற்கான கூலியைக் கணக்கில் சேர்க்கவும் மறுத்துவிட்டார்.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமையோடு வேலை முடிந்தது. காசைக் கொடுத்து, கைகொடுத்து, தவத்தை அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை பத்தரைக்கு நல்ல நேரம். பால் காய்ச்சி, டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து, காரின் மூக்கை மட்டும் உள்ளே நுழைத்துவிட்டு, திங்கட்கிழமை தொட்டியை உடைப்பதாகத் திட்டம். சொந்தக்காரர் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். வந்தவர்கள் தொட்டியையும் வாய்க்காலையும் பார்த்து என்னவென்று கேட்க, "புது மோஸ்தர்" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

பத்து இருபதுக்கு ஒழுங்கையில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. பெட்டியில் ஒரு சிவப்பு மாடு, பக்கத்தில் கன்று, இரண்டையும் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிய தவம். மாட்டின் கழுத்தில் பூமாலை, நெற்றியில் பொட்டு.

"பஞ்சாங்கத்திலை பத்தரைக்கு நல்ல நேரம் கிடந்தது. கொட்டிலுக்குள்ளை முதல் மாடுதான் காலடி வைக்கவேணும் அண்ணை," என்றபடி இரண்டையும் கேற்றடியில் இறக்கினார். "உங்கடை சோடி வருமட்டும் என்ரை லட்சுமி இஞ்சை நிக்கட்டும். பாலைக் கறந்து பிள்ளைக்குக் குடுங்கோ. எனக்கு ஒண்டும் தரவேண்டாம்."

மாட்டுக்கும் கேற்றுக்கும் நடுவில் போய் நின்றேன். பயத்தாலா வெட்கத்தாலா என்று பிரித்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை. லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் கோர்ண் அடித்தது. நல்ல நேரத்துக்குக் காரைக் கொண்டுவரச் சொன்னது நான்தான்.

"ஆரோ கார்க்காரர். வழி விடட்டோ அண்ணை?" என்றார் தவம்.

யசோ கண்ணாடியை இறக்கினாள். "தம்பி, மாட்டை ஒருக்கா அங்காலை பிடியுங்கோ. நான் இதைக் கராஜுக்குள்ளை விடவேணும்."

தவம் காரைப் பார்த்தார். தான் எட்டடிக்கு அகட்டிய வாசலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்து அளவு நாடாவை எடுத்து, காரின் முன்பக்கத்தைக் குறுக்கே அளந்தார். மிக நிதானமாக அளந்தார்.

"ஏழடி இல்லை அண்ணை," என்றார். "ஐஞ்சரைதான்."

அந்த இடத்திலேயே விழுவதற்குக் கிணற்றைத் தேடினேன். ஆனால் யசோ பின்வாங்குகிற ஆள் இல்லை. நல்ல நேரம் போகிறதென்று காரை உள்ளே விட்டாள். முன்சில்லுகள் இரண்டும் தவத்தின் வடிவான வாய்க்காலுக்குள் இறங்கின. கார் குனிந்து, தீனித் தொட்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டது. மாமா ஒருவர், "பசியோ என்னவோ," என்றார். பதினைந்து பேரும் வெடித்தார்கள். லட்சுமி மட்டும் மாமரத்தடியில் நின்று மரியாதையாக அசைபோட்டது.

காரைத் தூக்கி எடுக்க முன்வந்த முதல் ஆள் தவம்தான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். கார் வெளியே வந்த பிறகு எல்லோருக்கும் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு எந்தக் கட்டமும் நிரலும் உதவவில்லை.

"கராஜ் எண்டால் எவ்வளவு கேட்டிருப்பியள்?" என்றேன்.

"ஐஞ்சு தொண்ணூறு," என்றார். "தொட்டியும் வாய்க்காலும் இல்லைத்தானே. என்ரை லாபத்தோடைதான் சொல்லுறன்."

பத்தாயிரம் ரூபாய். என் உத்தி முழுவதும் மிச்சம் பிடித்தது அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் ஆறு லட்சத்துக்குள் ஒரு நேர்த்தியான கராஜ் நின்றிருக்கும். ஒரு நல்ல மனிதன் எனக்காகச் சும்மா உழைத்திருக்கவும் மாட்டான்.

யசோ உள்ளே போய், மிச்சமிருந்த இருபதாயிரத்தையும் கொண்டுவந்து தவத்தின் கையில் வைத்தாள். அவர் விட்டுக்கொடுத்த மீதி லாபத்தை என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கொடுத்தாள். (அலுவலகத்தில்கூட இவ்வளவு ஒழுங்காகப் பிடிப்பதில்லை.) நிலத்தைக் கிளறிக் கராஜாக மாற்ற இன்னும் ஒன்றரை லட்சம் வேண்டும் என்று தவம் சொன்னபோது அவள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள்.

"கொட்டிலிலை ஒரு பிழையுமில்லை," என்றாள். "மாடு இல்லாததுதான் குறை. தம்பி, லட்சுமியைத் தவணைக் காசுக்கு விக்கிறியளோ?"

அந்த மாரி முழுவதும் கார் நீலப் படங்கு போர்த்துக்கொண்டு மாமரத்தின் கீழேதான் நின்றது. லட்சுமி கன்றோடு தகரக் கூரைக்குக் கீழே, சரிவான நிலத்தில், குளம்பு நனையாமல் நின்றது. பால் கறப்பது நான். முதல் மாதம் உதை வாங்கினேன், பிறகு பழகிவிட்டது. இப்போது நாலு வீட்டுக்குப் பால் கொடுக்கிறோம்.

அந்த நாலில் ஒன்று தவத்தின் வீடு. மாட்டை எங்களுக்கு விற்றதால் அவருக்கும் பால் தேவை. இந்தப் பக்கம் வேலைக்கு வரும்போதெல்லாம் போத்தலை நீட்டிக்கொண்டு கேற்றடியில் நிற்பார். சாரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கிழிந்ததாகப் பார்த்து உடுத்தியிருப்பார்.

"ஒரு போத்தல் தாங்கோ அண்ணை," என்பார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "எங்களுக்கில்லை, பூனைக்கு. விலையைப் பாத்துப் போடுங்கோ."

உள்ளே யசோவும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தவத்தின் வீட்டில் பூனை இல்லை என்பது எனக்குத் தெரியும். என்றாலும் பூனை விலைக்கே பாலை ஊற்றிக் கொடுப்பேன்.