தேசிய விருதும் ஒரு றாத்தல் பாணும்

காலை எட்டு மணிக்கு முன் எழாதவர்கள் கலையில் இறங்கக் கூடாது. இந்த உண்மையை நான் தாமதமாகத்தான் (எட்டு மணிக்குப் பிறகு) கற்றேன்.

சிறந்த இசையமைப்புக்கான தேசிய விருதுக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். என்னிடம் ஓர் ஆர்மோனியமும் அளவு கடந்த தன்னம்பிக்கையும் இருந்தன. இரண்டில் ஆர்மோனியம் மட்டுமே சுருதி சேர்ந்திருந்தது.

"இந்தத் தடவையும் ஒண்ணும் கெடைக்கலைன்னா பொட்டியக் கோயில் பஜனைக்குக் குடுத்துருவேன், சொல்லிட்டேன்" என்றாள் மனைவி வசந்தா.

"விருது வரட்டும், நீயே அந்தப் பொட்டிக்குப் பொட்டு வைப்ப" என்றேன்.

மெட்டும் வந்தது. தினமும் விடிகாலையில், அரைத் தூக்கத்தில், எங்கிருந்தோ மிதந்து வந்து காதில் இறங்கியது. மேதைகளுக்கு இப்படித்தான் வரும் என்று படித்திருந்தேன். (படிப்பு மனிதனை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு நான் உயிருள்ள சான்று.) அதை இழுத்து, கமகம் பூசி, சோகம் தடவினேன். யாராவது திருடிவிட்டால்? மிளகு மூட்டை அறைக்குள் கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்து, தும்மிக்கொண்டே பயிற்சி செய்தேன்.

மாத்தளை நகரில் மாவட்டத் தேர்வு. வசந்தா பட்டுச் சேலையில் வந்திருந்தாள். அவள் தம்பி செல்வம் யட்டவத்தையிலிருந்து மாலையோடு வந்திருந்தான்.

கண்ணை மூடி வாசித்தேன். முதல் வரி முடிவதற்குள் நாற்காலிகள் நகரும் சத்தம். எழுந்து நின்று கைதட்டப் போகிறார்கள் என்று இன்னும் உருகினேன். கண்ணைத் திறந்தால், கைப்பையில் சில்லறை துழாவியபடி பாதிச் சபை வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து அலுவலகத்து பியோன் ரொட்டி வாங்கும் பையோடு எட்டிப் பார்த்து, "பாண் ஆட்டோ எங்கங்க நிக்குது?" என்றார்.

தலைமை நடுவர் மிக மரியாதையாகச் சொன்னார்: "மெட்டு நல்லா இருக்குங்க. எங்க தெருவுக்கும் தினம் இதேதான் வருது."

"மச்சான், மாலைய பாண்காரருக்கே போட்டுறவா?" என்றான் செல்வம்.

"வீட்டுல ஒரு தடவ வாசிச்சுக் காட்டியிருந்தா நானே சொல்லியிருப்பேனே!" வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "காலையில ஆறு மணிக்கு இதே மெட்டப் போட்டுக்கிட்டு வர்ற ஆட்டோவுல, கேட்டுல நின்னு பாண் வாங்குறது யாரு?"

ஆர்மோனியம் அந்த வெள்ளிக்கிழமையே பஜனைக்குப் போய்விட்டது. பாண் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இன்றும் தெருமுனையில் மெட்டுக் கேட்டதும் சமையலறையிலிருந்து குரல் வரும்: "ஏங்க, உங்க விருது வருது! ஒரு றாத்தல் பாண் வாங்கிட்டு வாங்க!"

பாண்காரருக்கும் கதை தெரியும். பாணை நீட்டும்போது, "மாஸ்டர், இன்னைக்கு மெட்டு எப்படி?" என்பார்.

"கொஞ்சம் வேகம்" என்பேன்.