டெல்லியை நிறுத்திய ஸ்டாப் சார்

டெல்லியில் எதுவும் நிற்காது. பஸ் நிற்காது, ஹாரன் நிற்காது, மே மாதத்து அனல்காற்று நிற்காது. அத்தனையையும் தலைக்கு மேல் இரு கைகளைப் பெருக்கல் குறியாக்கி நிறுத்திய ஒரே மனிதர் எங்கள் ஸ்டாப் சார்.

எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனிகளுக்குக் கருவிகளை வாடகைக்கு விடும் சின்ன சப்-கான்ட்ராக்டர் ஆபீஸ் எங்களுடையது. பாதி ஆயுளைப் பாலைவனத்தில் கிணறு துளைக்கும் ரிக்குகளில் கழித்துவிட்டு அங்கே வந்து சேர்ந்த திருநெல்வேலிக்காரர் அவர். ரிக்கில் ஒரு வழக்கம். ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் கையைக் குறுக்கே வைத்து வேலையை நிறுத்தலாம். நிறுத்தியவரிடம் கோபப்படக் கூடாது. நன்றிதான் சொல்ல வேண்டும். அவர் ரிக்கை விட்டார். வழக்கம் அவரை விடவில்லை.

சரோஜினி நகர் சந்தையில் துணிக்குவியலின் உச்சியில் நின்று கூவிய வியாபாரியைக் கீழே இறக்கினார். மலை மந்திர் முருகன் கோயிலில் சீரியல் விளக்கு கட்ட ஏணி ஏறியவரைப் பாதியில் மறித்தார்.

"ஏணியை ஒருத்தன் பிடிக்கணும்வே! விழுந்தா முருகனா வந்து தாங்குவான்?"

"கோயில்ல நின்னுண்டு கேக்கற கேள்வியா சார் இது?"

"சரி, நானே பிடிச்சுக்கிடுதேன். ஏறும்!"

பிடித்தார். தீபாராதனை முடிந்து, பிரசாதமும் தீர்ந்த பிறகுதான் ஏணியை விட்டார்.

"வெண்டைக்கா நறுக்கதுக்கு முன்னால சேஃப்டி மீட்டிங் போடணுங்காக" என்று அவர் மனைவி ஒருமுறை எங்களிடம் அழாத குறையாகச் சொன்னார்.

எங்கள் முதலாளி டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப்பையன். சிரித்துச் சிரித்து ஒருநாள் சலித்துவிட்டான். "அங்கிள், இன்னொரு வாட்டி வேலையை நிறுத்தினீங்கன்னா, நீங்களும் நின்னுக்கலாம்."

அந்த இன்னொரு வாட்டி சீக்கிரமே வந்தது.

ராஜஸ்தான் கிணறு ஒன்றுக்கு பி.ஓ.பி. அனுப்ப வேண்டும். பூமிக்குள்ளிருந்து வாயு சீறினால் கிணற்றின் வாயை அடைக்கும் இரும்புப் பூதம் அது. உள்ளே குழாயைக் கவ்விப் பிடிக்க ரேம் என்னும் தாடைகள். அன்று லாரி கிளம்பாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். வாடிக்கையாளர் கம்பெனி அதிகாரி யார்டிலேயே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

லாரி உறுமியது. அதே கிணற்றுக்குப் போகும் துளைக்குழாய்கள் பக்கத்து லாரியில் வெயிலில் மின்னின. ஸ்டாப் சார் அவற்றைப் பார்த்தார். பி.ஓ.பி.யைப் பார்த்தார். கைகள் மேலே எழுந்தன.

"அங்கிள், ப்ளீஸ்! ஜல்தி! டிராமா வேண்டாம்!"

"டிராமா இல்ல தம்பி. குழாய் அஞ்சு இஞ்ச். ரேம் மூணரை. பூட்டினாக் கவ்வாது. கேஸ் வந்தா மேல நிக்கிற பயலுவ அத்தனை பேரும் போயிருவானுவ."

"மூணரை ரேம் போடச் சொன்னது யாரு?"

"நான்தான். பழைய கிணத்துக் கணக்கை மனசுல வச்சுச் சொல்லிப்புட்டேன். தப்பு என்னுது."

கிரேன்காரர் எஞ்சினை அணைத்தார். ஏற்கெனவே நூலில் தொங்கிய வேலையை அந்த மனிதர் தன் வாயாலேயே தொலைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அதிகாரிக்கு விஷயம் இந்தியில் சொல்லப்பட்டது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நேராக ஸ்டாப் சாரிடம் வந்து கையைப் பற்றி, "ஷுக்ரியா" என்று நன்றி சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ரேமை மாற்றுங்கள். ரிக் காத்திருக்கும்" என்றார்.

சாயங்காலம் முதலாளி தன் காரின் முன்கதவைத் தானே திறந்து, "உக்காருங்க அங்கிள்" என்றான். உட்காரவில்லை அவர்; டயரில் காற்று குறைவாம்.

இப்போது அவர் ஓய்வில் இருக்கிறார். யாரிடமாவது அவரைப் பற்றிச் சொல்லும்போது 'எங்க ஸ்டாப் சார்' என்கிறேன். அந்த 'எங்க' மட்டும் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிடுகிறது.