மடியில் கிடந்த இரண்டு நூல்

செக்கானூரணி,
பிரமாதி வருஷம், வைகாசி மாதம் 17-ந் தேதி

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை முத்திருளன் அவர்கள் சமூகத்துக்கு, நல்லகாமன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் வீட்டுக்காரி மாயக்காளும் ஆடு கோழிகளும் சுகம். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் இஞ்சின் மட்டும் சுகமில்லை. ஆரப்பாளையத்தில் தாங்களும், என் தங்கை முத்துத்தாயும், சடங்குக்குக் காத்திருக்கும் மருமகள் சோலையம்மாளும் சுகமாயிருப்பதற்கு எழுதவும். மருமகளின் இடுப்பு அளவு பற்றித் தனியாக ஒரு வரி எழுதவும். காரணம் கீழே வருகிறது. படிக்கும்போது உட்கார்ந்து படிக்கவும்.

சென்ற பங்குனியில் தாங்கள் இங்கே வந்திருந்தபோது இஞ்சின் புகை கக்குவதைப் பார்த்துவிட்டு, "மச்சான், ரிங்கு தேஞ்சுபோச்சு. கண்ணுச்சாமி மெக்கானிக்கை அனுப்பி வைக்கிறேன், நீங்க கையை வைக்காதீக" என்று சொன்னீர்கள். "கமலை இறைச்ச கைக்கு இந்த இரும்பு ஒரு பெரிசா மாப்ள? போய் வேலையைப் பாருங்க" என்று நானும் சொன்னேன். அந்த வார்த்தையை இந்தக் கடிதத்தின் மூலமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். புது ரிங்கு நாலும், உபரியாக ஒன்றும் வாங்கி வந்து, நல்ல நாள் பார்த்து, இஞ்சினுக்குச் சூடம் காட்டிப் பிரித்தேன். பிரிக்கிற வேலையில் இந்த வட்டாரத்திலேயே எனக்கு இணை கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அரை நாளில் எல்லாம் சாக்கு விரிப்பில் வரிசையாக இருந்தது. பிஸ்டனைத் திரும்பச் சிலிண்டருக்குள்ளே தள்ளுகிற இடத்தில்தான் வந்தது வினை. பிஸ்டனைச் சுற்றிக் காப்பு போட்டதுபோல் நாலு ரிங்கு இருக்கிறதல்லவா, அதெல்லாம் விரிந்துகொண்டே நிற்கிறது. ஒன்றை விரலால் அமுக்கினால் மற்றொன்று எழும்புகிறது. கயிறு கட்டிப் பார்த்தேன், பனைநார் சுற்றிப் பார்த்தேன், கோபத்தில் கட்டையால் ஒரு போடு போட்டும் பார்த்தேன். அந்தப் போட்டில் ஒரு ரிங்கு இரண்டாகப் போய்விட்டது. உபரி ரிங்கை மாட்டிவிட்டேன். இனி ஒன்று உடைந்தால் மாற்று ரிங்குக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் காத்திருந்தால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். இந்த இஞ்சினை வாங்குவதற்காகக் கமலை மாடு இரண்டையும் நான் விற்றது தங்களுக்குத் தெரியும். சடங்குக்கு நாள் குறித்த அன்று, தங்கள் வீட்டில் அத்தனை பங்காளிகளும் இருக்க, யாரும் கேட்காமல் நானாக எழுந்து நின்று, "தாய்மாமன் சீர்ல இருபத்தொரு வாழைத்தார் வரும், அம்புட்டும் என் சொந்தத் தோட்டத்துத் தாராத்தான் வரும்" என்று துண்டை உதறிப் பேசியதும் தங்களுக்கு நினைவிருக்கும். வாழை குலை தள்ளி, காய் பாதி திரண்டு நிற்கிறது. இப்போது தண்ணீர் இல்லாவிட்டால் ஆனி மாதச் சீரில் தட்டேந்தி வரும் பெண்கள் வாழைச்சருகைத்தான் ஏந்தி வர வேண்டும். எதிர்த் தோட்டத்து மொக்கையன் இரக்கப்பட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் தன் மாட்டைக் கொடுக்கிறான். கொடுக்கும்போதெல்லாம், "அண்ணே, மாட்டுக்கு ரிங்கு கிடையாது, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான்.

ஆகவே ரிங்கு அமுக்கும் சாமான் ஒன்று வாங்குவதென்று டவுனுக்குக் கிளம்பினேன். அதே சமயம் சீருக்கு வெள்ளி ஒட்டியாணம் செய்யக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முத்துத்தாய், பிள்ளையின் இடுப்பை வெள்ளை நூலில் அளந்து அனுப்பியிருந்தாள். நானும் பிஸ்டனின் சுற்றளவை ஒரு வெள்ளை நூலில் அளந்துகொண்டேன். இரண்டு நூலும் பார்க்க ஒன்றுபோல் இருக்கிறதே, மாறிவிடக் கூடாதே என்று, புத்திசாலித்தனமாக ஒரு நூலில் முடிச்சுப் போட்டேன். எந்த நூலில் போட்டேன் என்பதை மறந்துபோனேன். இரண்டையும் மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சிம்மக்கல்லில் ஒரு இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் மூன்று தினுசு எடுத்துப் போட்டார். ஒன்று தகரப் பட்டை, சாவி போட்டுத் திருகினால் இறுகும். இன்னொன்று குறடு மாதிரி கைப்பிடி வைத்தது. மூன்றாவது, வாய் அகன்று அடி குறுகிய கட்டி வளையம், இறுக்கவோ தளர்த்தவோ முடியாது. "சாவி வச்சதை எடுத்துக்கங்க அண்ணே, அளவு முன்னப்பின்ன இருந்தாலும் சரிக்கட்டிக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நம்ம அளவு முன்னப்பின்ன இருக்காதுய்யா. கட்டி வளையத்தையே குடும்" என்று நூலை நீட்டினேன். அவர் நூலை வளைத்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிய இஞ்சினா? அரைவை மில்லா வச்சிருக்கீக?" என்றார். நான் மறுக்கவில்லை. கொஞ்சம் மார்பை நிமிர்த்திக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அங்கிருந்து தெற்காவணி மூலவீதிக்குப் போய்ப் பேச்சிமுத்து ஆசாரியிடம் மற்ற நூலைக் கொடுத்தேன். அவரும், "பிள்ளை இம்புட்டு ஒல்லியாவா இருக்கு?" என்று கேட்டார். "எங்க வீட்டுப் பிள்ளைக எல்லாம் கொடி மாதிரி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரே நாளில் இரண்டு பேர் சந்தேகப்பட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து வளையத்தைப் பிஸ்டனில் மாட்டினால், வளையத்துக்கும் பிஸ்டனுக்கும் நடுவே என் கையே போய் வருகிறது. கடைக்காரரை எட்டு நாள் வைதேன். நேற்று ஆசாரி ஆள்மூலம் ஒட்டியாணத்தை அனுப்பியிருந்தார். ஏழு தகடு கோத்து, கொக்கி வைத்து, பார்க்கப் பளபளவென்று இருந்தது. மாயக்காள் அதைத் தூக்கிப் பிடித்து, "இது யாருக்கு? அஞ்சு வயசுப் பிள்ளைக்கா?" என்றாள். பிறகு என் மடியைப் பார்த்தாள். பிறகு இஞ்சினைப் பார்த்தாள். ஒட்டியாணத்தைக் கொண்டுபோய்ப் பிஸ்டன் பக்கத்தில் வைத்தாள். மாப்ள, அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. ரிங்கு சாமான் மருமகள் இடுப்புக்கும், ஒட்டியாணம் இஞ்சின் இடுப்புக்கும் செய்து வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டியாணத்தைப் பிஸ்டனில் சுற்றிக் கொக்கி போட்டால் ரிங்கு நாலும் அமுங்கும், ஒரே தள்ளில் உள்ளே போய்விடும், வாழை பிழைக்கும், என் வார்த்தையும் பிழைக்கும். ஆனால் மாயக்காள், "சீர்ச் சாமானைக் கொண்டுபோய் எண்ணெய்ல முக்குவீகளா? பிள்ளையப் பெத்த அண்ணன் சம்மதம்னு கைப்பட எழுதட்டும், அப்புறம் தொடுங்க" என்று மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியில் வைத்துவிட்டாள். அவள் சொல்வதும் நியாயமே. ஆகையால் மாப்பிள்ளை அவர்கள் பெரிய மனசு பண்ணி, ஒரே ஒரு தரம், அரை நாழிகைக்கு, ஒட்டியாணத்தை இஞ்சினுக்குப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்து மறுதபாலில் எழுத வேண்டியது. வேலை முடிந்ததும் புளி போட்டுத் துலக்கி, ஆசாரியிடம் இரண்டு தகடு கூட்டி, பிள்ளைக்குச் சரியாக்கித் தருவது என் பொறுப்பு.

முத்துத்தாய்க்கு அன்பும், சோலையம்மாளுக்கு முத்தமும், தங்களுக்கு என் வணக்கமும். வீட்டில் தீர்க்காயுசும் நெல் நிறைந்த குதிரும், கிணற்றில் வற்றாத தண்ணீரும் உண்டாவதாக. எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டாவதாக.

இப்படிக்கு,
இனிமேல் நூலைத் தொடாத
நல்லகாமன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது வாசலில் கண்ணுச்சாமி மெக்கானிக் வந்து நின்றார். மாயக்காள் நாலு நாளைக்கு முன்பே முத்துத்தாய்க்கு ஆள்மூலம் சொல்லிவிட, தாங்களே அவரை அனுப்பினீர்களாமே. ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டியாணம் பெட்டியில் இல்லை. காலையில் மாயக்காள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து எடுத்துப் பிஸ்டனில் மாட்டிவிட்டேன். தள்ளிப் பார்த்தும் பிஸ்டன் உள்ளே போகவில்லை, கொக்கியும் சிக்கிக்கொண்டு கழற்ற வரவில்லை. அதற்குப் பிறகுதான் அனுமதி கேட்டு எழுத உட்கார்ந்தேன். கண்ணுச்சாமி பார்த்துவிட்டு, "என்னண்ணே, இஞ்சினுக்கா சடங்கு?" என்று கேட்டார். அரம் போட்டுக் கொக்கியை அறுத்தார். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, இஞ்சின் சக்கரத்தை உருட்டி வழி பண்ணிக்கொண்டு, நான் இத்தனை நாளாக முட்டிய பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாகப் பிஸ்டனைக் கொண்டுபோய், இரண்டு விரலால் தள்ளினார். உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கம் சிலிண்டர் வாயை இஞ்சின் செய்தவன் அகலமாகவே செய்திருக்கிறானாம், எந்த அமுக்கியும் வேண்டாமாம். இதை எழுதும்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. எனக்குக் கண்ணிலும் கொஞ்சம் ஓடுகிறது, மொக்கையனிடம் சொல்ல வேண்டாம். இருபத்தொரு தாரும் வந்து சேரும். ஒட்டியாணத்துக்குத்தான் பிள்ளையின் இடுப்பை மறுபடி அளந்து அனுப்ப வேண்டும். இந்தத் தடவை சிவப்பு நூலில் அளக்கச் சொல்லவும். பதில் கடிதத்தை மாயக்காள் பெயருக்குப் போடவும்.